இடைவெளி விட்டுக் கூப்பிடச் சொன்னவர்

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுண்டரும் மைக்கும் என் பொறுப்பு. எந்தப் படகு எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பேன். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சொல்லி முடித்த மறுநொடி கவுண்டர் முன்னால் வந்து நின்று அதையே கேட்பார்கள். போன மாதம் ஒரு காலையில் ஹேவ்லாக் படகுக்கான அறிவிப்பை முடித்து மூச்சு விட்டபோது, படகுக்குக் கயிறு கட்டும் பிஸ்வாஸ் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். "தீதி, பம்பூஃப்ளாட் வாலி டாக்டர் சாவித்திரி நஹீ ரஹீ" என்றார். பம்பூஃப்ளாட் டாக்டர் சாவித்திரி இறந்துவிட்டார். நான் மைக்கை அணைத்திருக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த "ஐயோ" ஜெட்டி முழுவதும் கேட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மூட்டை தூக்கியவர்கள் நின்றார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. இத்தனை வருடங்களில் அந்த மைக்கில் நான் சொன்ன ஒன்றை எல்லோரும் ஒன்றாகக் கேட்டது அந்த ஒரு முறைதான். டாக்டர் இதை அறிந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். ஏன் சிரித்திருப்பார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு அவர்தான் மருந்து எழுதிக் கொடுத்திருப்பார். குழந்தைகளுக்கான டாக்டர். அரசுப் பணியில் இருந்தவரை தினமும் பம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தத்துக்குப் படகேறி வந்து போனவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு வாசலில் செருப்புகள் குறையவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா இந்தத் தீவுக்குக் கைதியாக வந்து இறங்கியவர். "எந்தக் கேஸ்னு வீட்ல யாருக்கும் மாலும் இல்ல, தெரியாது. ஆனா எனக்குக் கோபம் வர்றதைப் பாத்தா ஓரளவு கெஸ் பண்ணலாம்" என்பார். வீட்டில் பேசியது ஹிந்தி. அம்மா வழியில் கேட்ட தமிழும் சென்னையில் மருத்துவம் படித்தபோது பழகிய தமிழும் சேர்ந்து அவருக்கென்று ஒரு தமிழ் இருந்தது. அதில் திட்டு வாங்காத தமிழ்க் குடும்பம் ஹேடோவில் இருக்காது.

எங்கள் வீட்டுக்கு அவர் செய்தது என்ன என்பதை இதுவரை நான் வெளியே சொன்னதில்லை. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது சொல்கிறேன். "என் பேர் மட்டும் வேணாம்" என்றாள். சரி, மகள் என்றே எழுதுகிறேன்.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரே வருடத்தில் பள்ளிச் சீருடையை இரண்டு முறை மாற்றித் தைத்தோம். வகுப்பிலேயே உயரம். ஹேடோ குடியிருப்பில் எல்லோரும் "பொண்ணு நல்ல வளர்த்தி" என்றார்கள். பரமக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். பிள்ளை வளர்ப்பில் என்னிடம் ஏதோ கைராசி இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவள் மார்பில் என் கை பட்டது. வலிக்கிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு இருக்கக் கூடாத ஒன்று அங்கே இருந்தது.

மறுநாள் டாக்டர் சாவித்திரி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளிடம் எந்த மீன் பிடிக்கும், ஸ்கூலில் யாரோடு சண்டை என்று விசாரித்தார். உயரம் அளந்தார், எடை பார்த்தார், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஏழு வயதுக் குழந்தையின் மணிக்கட்டு எலும்பு பத்து வயதுக்கு முற்றியிருந்தது. வயதுக்கு வருவதற்கான வேலையை உடம்பு முன்கூட்டியே தொடங்கிவிட்டது என்றார். எனக்குக் கண் நிறைந்தபோதும் அவர் குரல் மாறவில்லை. "சுனோ, கேளுங்க, அழணும்னா வராண்டாவுக்குப் போய் அழுதுட்டு வாங்க. நான் வெயிட் பண்றேன். இவ முன்னாடி வேணாம். நீங்க அழுதா தன் மேல ஏதோ தப்புன்னு நினைச்சுக்குவா." நான் எழுந்து போய் அழுதுவிட்டுத் திரும்பினேன். இருவரும் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு எத்தனையோ தாய்மார்களை அவர் அந்த வராண்டாவுக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கென்றே அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தார்.

சென்னைக்குப் போனோம். மூளையில் கட்டி எதுவும் இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. அங்கிருந்த பெரிய டாக்டர் மாதாமாதம் போட ஓர் ஊசி எழுதிக் கொடுத்தார். அதை டாக்டர் சாவித்திரியே இங்கே போடலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். நான் அந்த ஊசியைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டது இதுதான். வயதுக்கு வரச் சொல்லி மூளை ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. இந்த ஊசியில் இருப்பது ஏறக்குறைய அதே ஹார்மோன்தான், இன்னும் வீரியமாக. எரிகிற வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு பம்பூஃப்ளாட் டாக்டரிடம் வந்து நின்றேன்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஜெட்டில, டாக்டர். மைக்ல அனௌன்ஸ் பண்றேன்."

"யாராவது கேக்கறாங்களா?"

"எங்க கேக்குறாங்க! தொண்டை வத்துனதுதான் மிச்சம். சொன்னதையே திரும்ப வந்து கேப்பாங்க."

"ஏன் கேக்கலை? உங்க குரல் சின்னதா?"

"குரல்லாம் பெருசுதான். நாள் முழுக்க சொல்லிக்கிட்டே இருந்தா யார் கேப்பா?"

"பஸ், போதும்" என்று மேசையில் தட்டினார். "அவ்வளவுதான் இந்த ஊசி."

பிறகு பொறுமையாகச் சொன்னார். மூளையின் அடிப்பகுதி அந்த ஹார்மோனை விட்டு விட்டுத்தான் அனுப்பும். ஒரு தடவை கூப்பிடும், சும்மா இருக்கும், மறுபடியும் கூப்பிடும். கீழே பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் செல்களின் மேல் ஏற்பிகள் என்று இருக்கின்றன, அவைதான் காது. கூப்பிடுவதற்கு நடுவில் இடைவெளி இருக்கும்வரை அந்தக் காது கூர்மையாக இருக்கும். கேட்டதைச் சினைப்பைக்குச் சொல்லும், உடம்பு வளரும். ஊசி போட்டால் மருந்து மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். இடைவெளியே கிடையாது. நிற்காமல் கூப்பிட்டால் செல் என்ன செய்யும்? தன் ஏற்பிகளில் பலவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே மிச்சம் இருப்பவையும் கேட்டதை உள்ளே கடத்துவதில்லை. சுரப்பி அடங்கிவிடும். அது அடங்கினால் சினைப்பையும் அடங்கும்.

"நாம அதை அடிச்சு மூடலை. பேசிப் பேசிக் காது மரத்துப்போக வைக்கறோம். ஊசியை நிறுத்தினா அது மறுபடியும் காதை வெளியே நீட்டும்" என்றார்.

"கண்டிப்பா நீட்டுமா, டாக்டர்?"

"கண்டிப்பா திரும்பும்."

"இல்ல, சப்போஸ் திரும்பலைன்னா..."

"ஒரு தடவை சொன்னேன்ல. பஸ்."

ஊசி போட்ட அந்த நான்கு வருடமும் இது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் ஊசி போட்டு முடித்துக் கிளம்பும்போது நான் வாசலில் நிற்பேன். கேட்கவே வேண்டாம். அவர் தலையைத் தூக்காமல் "கண்டிப்பா திரும்பும்" என்பார். ஒரே தடவைதான். இரண்டாவது தடவைக்கு எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது. அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்து ஒரு மாதத்தை ஓட்டுவேன். எனக்கு அது வேண்டியிருந்தது. ஊரிலிருந்து மாமியார் போன் செய்து, "இயற்கையா வர்றதை அடைச்சு வச்சா அப்புறம் வராமயே போயிரும்டி, நாளைக்குப் பிள்ளை பெத்துக்க முடியலைன்னா அவ உன்னைத்தான் கேப்பா" என்று அழுவார். அவர் பயந்ததில் தவறில்லை. நானும் அதற்குத்தான் பயந்தேன். ஊசி போடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். என் மகளுக்குள் ஒரு கதவை மூடியிருக்கிறேன், அது மறுபடியும் திறக்குமா என்பது எனக்குத் தெரியாது. அந்த நான்கு வருடமும் நான் சுமந்தது இது ஒன்றைத்தான்.

முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் மகளின் உள்ளாடையில் ரத்தக் கறை. இப்படி நடக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தால் என்ன, பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. அன்று ஞாயிறு. சாத்தத்தில் படகேறி, பம்பூஃப்ளாட்டில் அவர் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். பின்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையெல்லாம் செதில். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, மீனைத் திருப்பிப் போட்டார்.

"நிறைய இருக்கா, கறை மாதிரி இருக்கா?"

"கறைதான் டாக்டர்."

"காது மரத்துப்போறதுக்கு முன்னாடி சத்தம் பெரிசாத்தான் கேக்கும். முதல் முதல்ல அவ்வளவு மருந்து வந்ததும் சுரப்பி எழுந்து ஒரு ஆட்டம் போடும். அப்புறம்தான் படுக்கும். இது அந்த ஆட்டம். நாலஞ்சு நாள்ல நின்னுடும். நிக்கலைன்னா என்னைக் கூப்பிடுங்க." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை எங்கே?"

"வீட்ல, அவங்க அப்பாகூட."

"ரத்தம் பாத்த பிள்ளையை விட்டுட்டு நீங்க இங்க வந்து நிக்கறீங்க. உங்களுக்கு வைத்தியம் நாளைக்குப் பாக்கலாம். அடுத்த போட்ல போங்க."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, கழுவிய மீனில் பாதியை ஒரு பாலிதீன் பையில் போட்டு என் கையில் திணித்தார். கறை அவர் சொன்னபடியே நின்றது. அதற்குப் பிறகு மகளின் மார்பு வலி போயிற்று. அவளுடைய உடம்பு சின்னப் பிள்ளையின் உடம்பாகவே இருந்தது. மறுபடியும் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடினாள், விழுந்தாள், முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

தீவில் இருப்பவர்களுக்கு ஒரு புத்தி உண்டு, உங்களுக்கும் இருக்கும். கப்பல் தாமதமானால் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கடையிலிருந்து மறையும். கப்பல் வந்த அன்று ஆளுக்கு இரண்டு மடங்கு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் கொட்டி வைப்போம். வராத நாட்களுக்கும் சேர்த்து வாங்கினால்தான் மனசு ஆறும். ஒரு மழைக்காலத்தில் இந்தப் புத்தியால் நான் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊசி மருந்து வழக்கமாக விமானத்தில் வரும். அந்த முறை புயல் சின்னம் என்று விமானங்கள் நின்றுபோயின. சென்னையில் இருந்த என் தம்பி, கப்பலில் வரும் ஓர் ஆசிரியரிடம் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினான். இந்தத் தீவில் பாதிச் சாமான் இப்படித்தானே வருகிறது, யாரோ ஒருவருடைய கைப்பையில். அந்தக் கப்பலும் கிளம்பத் தாமதமாயிற்று. ஊசி போட வேண்டிய நாள் கடந்து, அதற்கு மேலும் வாரங்கள் போயின. மகள் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். ஒரு நாள் சட்டை உரசினாலே வலிக்கிறது என்றாள். எனக்கு உயிர் போய் வந்தது.

கப்பல் ஹேடோவுக்கு வந்த அன்று நான் ஓட்டமும் நடையுமாகத் துறைமுக வாசலுக்குப் போனால், எனக்கு முன்பே டாக்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் குடை, இருந்தும் பாதி நனைந்திருந்தார். இறங்கி வரும் பயணிகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஸ் உருகியிருந்தா அந்த வாத்தியாரை அப்படியே ரிட்டர்ன் கப்பல்ல ஏத்திடுவேன்" என்றார். உருகியிருக்கவில்லை. ஆசிரியர் தப்பித்தார்.

அதே வாரத்தில் விமானங்களும் ஓடத் தொடங்கி, அடுத்த மாதத்துக்கான ஊசியும் வந்து சேர்ந்தது. இரண்டையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டு, "ரெண்டையும் சேத்துப் போட்டுருங்களேன் டாக்டர். விட்டுப்போனதுக்கும் ஈடு ஆயிரும்" என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். "இது ஆலூ வெங்காயம் இல்ல அம்மா. ஒரு ஊசி போதும். இன்னொண்ணு ஃபிரிட்ஜ்ல இருக்கட்டும், அதோட நாள் வர்ற வரைக்கும்." ஊசியைப் போட்டுவிட்டு மகளை வெளியே விளையாட அனுப்பினார். பிறகு என்னிடம் கேட்டார்: "லேட் ஆனதும் அவளுக்கு வலி வந்துச்சு. இதுலேர்ந்து உங்களுக்கு என்ன தெரியுது?"

"கெட்டுப்போச்சுன்னு தெரியுது. பட்ட பாடெல்லாம் வீணாப்போச்சு."

"உல்டா. மருந்து கொஞ்சம் குறைஞ்சதுமே ஏற்பிகள்லாம் ஒண்ணொண்ணா வெளியே வந்து காதைத் தீட்ட ஆரம்பிச்சிருக்கு. அவ மூளை கூப்பிட்டதும் கேட்டிருக்கு. செத்த காது இல்ல அது. தூங்கற காது. திரும்புமா திரும்புமான்னு மாசாமாசம் வாசல்ல வந்து நின்னீங்களே, இந்தப் புயல் உங்களுக்கு ஒரு டெஸ்ட் பண்ணிக் காட்டிடுச்சு."

எனக்கு அது வரை யாரும் அப்படி ஒரு நல்ல செய்தி சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புயலுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்தத் தெம்பு எத்தனை நாளைக்கு? அடுத்த மாதம் மறுபடியும் வாசலில் நின்றேன். "கண்டிப்பா திரும்பும்" என்றார்.

அவர் எல்லோரிடமும் இனிமையாக இருந்தார் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். காத்திருப்பவர்கள் செல்போனில் சத்தமாகப் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார். புகழ்ந்தால் பிடிக்காது, ஒரு தீபாவளிக்கு நான் கொண்டுபோன அதிரசத்தை வாங்கிக்கொண்டு, கூடவே நான் சொன்ன நன்றியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "இது போதும், அது வேணாம்." ஒருமுறை மகள் என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று அவரிடம் முறையிட்டேன். அவளுக்கு அப்போது பத்து வயது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவகிட்ட வலிக்குதா, கறை இருக்கா, என்ன பண்ணுதுன்னு கேக்கறீங்க?"

"எண்ணினதில்ல டாக்டர்."

"எண்ண முடியாத அளவுக்குக் கேக்கறீங்க. அப்புறம் அவ எப்படிக் கேப்பா? மைக்கை ஆஃப் பண்ணுங்க. கொஞ்ச நாள் சும்மா இருங்க. அவளே வந்து பேசுவா."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையைப் பற்றி விசாரிப்பது ஒரு குற்றமா? ஒரு வாரம் அவர் மேல் கோபமாகவே இருந்தேன். பிறகு முயன்று பார்த்தேன். வாயைக் கட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை என் கணவரைக் கேட்டால் சொல்வார். காய் நறுக்கும்போது வெறும் காய் நறுக்கினேன். தலை பின்னும்போது வெறும் தலை பின்னினேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மாலை, மகள் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஊசிக்காக மாதம் ஒருநாள் லீவு போடுவதை வகுப்பில் ஒருத்தி கேலி செய்கிறாள் என்று தானாகவே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லக்கூட அவசரப்படவில்லை.

பதினொரு வயதில் ஊசியை நிறுத்தினார்கள். கடைசி நாளில் டாக்டர் மகளுக்குக் கைகொடுத்தார். "பிட்டியா, இனி உன் வேலை. வந்ததும் முதல் போன் எனக்கு. அம்மாவுக்கு அப்புறம் நான்தான்." பெண் பிள்ளைகளை அவர் பிட்டியா என்றுதான் கூப்பிடுவார், ஹிந்தியில் மகளே என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மார்பு மறுபடியும் வளர்ந்தது, முகத்தில் பரு வந்தது, உயரம் கூடியது. எல்லாம் நல்ல அறிகுறிகள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காமல், தேடாமல், துணி துவைக்கும்போதுகூட ஆராயாமல் இருக்கப் பழகினேன். ஒரு வருடம் தாண்டியது. ஒரு சனிக்கிழமை காலையில் மகள் என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, வந்துருச்சு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகைக்கு வராண்டா போதாது, முழு ஹேடோ துறைமுகமும் வேண்டும்.

டாக்டருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "அவகிட்ட குடுங்க" என்றார். மகள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசினார்கள், அதாவது டாக்டர் பேசினார், இவள் "உம்" கொட்டினாள். வெளியே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன சொன்னார் என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். அன்றும் கேட்கவில்லை, அடுத்த இரண்டு வருடமும் கேட்கவில்லை. என் வாழ்நாளின் பெரிய சாதனை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இறந்த செய்தி வந்த அன்று நானும் மகளும் பம்பூஃப்ளாட்டுக்குப் போனோம். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய தங்கை சொன்னார். வாசலில் நிற்க இடமில்லை. தோளில் குழந்தையோடு வந்திருந்த ஆண்கள் சிலர், தாங்களே அந்த வீட்டுக்குத் தோளில் வந்த பிள்ளைகள்தான். பெங்காலிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், நம்மவர்கள் எல்லோரும் அவரவர் வாங்கிய திட்டுகளை ஹிந்தியில் சொல்லி அழுதார்கள். டாக்டரின் முகம் அமைதியாக இருந்தது. கண்ணாடி இல்லாமல் இருந்ததால் எனக்கு ஒரு கணம் திட்டு விழப்போகிறது என்றே தோன்றியது.

திரும்பி வரும் படகில் நானும் மகளும் ஓரமாக நின்றோம். சாத்தத்தில் மரம் அறுக்கும் மில்லின் கூரைகள் கிட்டத்தில் வரத் தொடங்கியபோது அவளே பேசினாள்.

"அம்மா, அன்னிக்கு டாக்டர் போன்ல என்ன சொன்னாங்கன்னு நீ கேக்கவே இல்ல."

"நீ சொல்லணும்னா சொல்லுவேன்னு இருந்தேன்."

"அழுதாங்க."

"யாரு, டாக்டரா?"

"சச் மே, நிஜமா அம்மா. முதல்ல பேசவே இல்ல, அழுதாங்க. அப்புறம் சொன்னாங்க: 'பிட்டியா, உங்க அம்மாகிட்ட மாசாமாசம் கண்டிப்பா திரும்பும்னு சொன்னேன். புத்தகத்துல இருக்கு, சென்னை டாக்டரும் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனா என் கையால இந்த ஊசி போட்ட முதல் பிள்ளை நீதான். படிச்சது வேற, என் முன்னாடி உக்காந்திருக்கற பிள்ளை வேற. ஒவ்வொரு ஊசிக்கும் எனக்கு உள்ளுக்குள்ள டர் லக்தா தா, பயமா இருக்கும். உங்க அம்மா ரெண்டாவது தடவை கேட்டா என் குரல் காட்டிக் குடுத்துடும். அதான் ஒரு தடவையோட நிறுத்திக்குவேன். இன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி. இதை அம்மாகிட்ட சொல்லிடாதே. நான் இருக்கற வரைக்கும் அவங்க என்னை நம்பிட்டே இருக்கட்டும்.'"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப சொல்லலாம்தானே அம்மா?"

நான் அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன். அத்தனை வருடமும் நான் மட்டும்தான் பயந்தேன் என்று நினைத்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவரும் என்னோடு சேர்ந்துதான் பயந்திருக்கிறார். நான் அழ வராண்டாவில் ஒரு நாற்காலி இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

இப்போது ஜெட்டியில் நான் அறிவிப்பை ஒரு முறை சொல்லிவிட்டு மைக்கை அணைக்கிறேன். கொஞ்சம் விட்டுத்தான் அடுத்தது. முன்பைவிட நாலு பேர் அதிகமாகக் கேட்பது போலத்தான் தெரிகிறது. போன வாரம் கடல் சரியில்லை. மகன் திரும்பி வர வேண்டிய படகு இன்னும் வரவில்லை என்று ஓர் அம்மா கவுண்டரில் வந்து நின்றார். கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்று கடைசியாக வந்த தகவல் என்னிடம் இருந்தது. "கண்டிப்பா வரும்மா" என்றேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேனா என்பதுபோல அவர் அங்கேயே நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட்டுகளை அடுக்கினேன். அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு நிமிர்ந்து, படகு தெரிகிற வரைக்கும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.